கொள்ளைப் பொருளும் கொள்ளை இன்பமும்

1990களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் காண்டர் என்ற சிறிய நிறுவனம் ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் டயாப்லோ. முதன்மை நிரலர் டேவிட் பிரெவிக் சிறுவயதில் வாழ்ந்த ஊருக்கு அருகிலிருந்த மலையின் பெயர் அது. தொடக்கத்தில் இது சதுரங்கத்தைப் போல முறைவைத்து ஆடும் விளையாட்டாகவே திட்டமிடப்பட்டது. ஆட்டக்காரர் ஓர் அடி வைத்தால் அரக்கர்களும் ஓர் அடி வைப்பார்கள்; அவர் யோசிக்கும்வரை அந்த உலகம் அசையாமல் காத்திருக்கும். வெளியீட்டாளரான பிளிசார்ட் நிறுவனம் இதை நிகழ்நேரத்தில் ஓடும்படி மாற்றச் சொன்னது. பிரெவிக் உடன்படவில்லை. உடன் பணியாற்றியவர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது, அவர் தோற்றார். மாற்றத்துக்கு நெடுங்காலமும் கூடுதல் பணமும் வேண்டும் என்று பிளிசார்டிடம் சொன்னவர், ஒரே பிற்பகலில் அதைச் செய்து முடித்தார். திரையில் நின்ற எலும்புக்கூட்டின் மீது சுட்டியைச் சொடுக்கினார். வீரன் தானே நடந்து சென்று வாளை ஓங்கி அடித்தான். எலும்புக்கூடு நொறுங்கி விழுந்தது. தம் எதிர்ப்பு தவறு என்பதை அந்தக் கணத்திலேயே உணர்ந்ததாக 2016இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அவரே விவரித்தார்.

ஒரு சொடுக்கில் ஓர் எலும்புக்கூடு நொறுங்குவதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரே செயலை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்யும் ஒருவர் எப்படிச் சலிப்படையாமல் இருக்கிறார்? இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. மனிதருக்குள் உறங்கும் வன்முறை வேட்கை என்பது ஒன்று. சூதாட்ட இயந்திரத்தின் முன் அமர்ந்தவரை எழவிடாமல் வைத்திருக்கும் அதே மயக்கம் என்பது மற்றொன்று. இந்த விளையாட்டுகளின் அரை நூற்றாண்டு வரலாற்றைப் பார்த்தால் இரண்டு விடைகளுமே குறையுடையவை என்பது புலப்படும்.

முதலில் பெயரைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் 'ஹேக் அண்ட் ஸ்லாஷ்' என்பதைத் தமிழில் வெட்டுக்குத்து என்று சொல்லலாம். இரு மொழியிலும் அதில் ஓர் ஏளனம் ஒட்டியிருக்கிறது. 1974இல் கேரி கைகேக்சும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டே கணினிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கெல்லாம் தாய். அதில் கதை, உரையாடல், சூழ்ச்சி எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. கதவை உடைத்து, உள்ளிருக்கும் அரக்கனைக் கொன்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போவதை மட்டுமே விரும்பிய குழுக்களும் இருந்தன. அவர்களுடைய ஆட்டமுறையைத் தாழ்த்திச் சொல்லவே 'ஹேக் அண்ட் ஸ்லாஷ்' என்ற தொடர் பயன்பட்டது. 1980ஆம் ஆண்டிலேயே 'டிராகன்' இதழில் இத்தொடர் அச்சேறிவிட்டது. வசையாகப் பிறந்த சொல் பின்னர் ஒரு வகைமையின் பெயராயிற்று.

அவ்வகைமையின் மையத்தில் இருக்கும் சொல் 'லூட்'. வீழ்ந்த எதிரியிடமிருந்து சிதறும் பொருளை ஆட்டக்காரர்கள் இப்படித்தான் அழைக்கிறார்கள். இது இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொல். கிழக்கிந்தியக் கம்பெனி இந்நாட்டில் வேரூன்றிய 18ஆம் நூற்றாண்டில் அந்த மொழிக்குள் நுழைந்தது. கொள்ளையடிக்கும் செயலோடு அதைக் குறிக்கும் சொல்லும் கப்பலேறியது என்று சொல்லலாம். தமிழில் இதற்கு நிகரான 'கொள்ளை' இன்னும் நுட்பமானது. 'கொள்' என்ற வினையடியிலிருந்து வந்த அச்சொல் சூறையாடுதலையும் குறிக்கும், மிகுதியையும் குறிக்கும். கொள்ளை போயிற்று என்றால் இழப்பு. கொள்ளை அழகு என்றால் நிறைவு. வெட்டுக்குத்து விளையாட்டின் இன்பம் இவ்விரு பொருளுக்கும் நடுவில்தான் நிற்கிறது. பொருள் கிடைப்பது எப்போது நிறைவாகிறது, எப்போது வெறும் சூறையாகிறது என்பதே இதன் வரலாற்றுக் கேள்வி.

கணினியில் இந்த வரலாறு எழுத்துகளில் தொடங்கியது. 1980ஆம் ஆண்டளவில் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாயும் கிளென் விக்மனும் 'ரோக்' என்ற விளையாட்டை எழுதினர். பின்னர் கென் ஆர்னால்டும் சேர்ந்துகொண்டார். படங்கள் இல்லை. தட்டச்சுக் குறிகளே சுவர்களாகவும் கதவுகளாகவும் நின்றன. ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகள் 26 வகை அரக்கர்கள். நிலவறையின் அமைப்பு ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாகப் பிறந்தது. இறந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 1983இல் பெர்க்லியின் யூனிக்ஸ் தொகுப்போடு சேர்த்து வழங்கப்பட்டதால் பல்கலைக்கழகங்கள் தோறும் இது பரவியது.

மொழியியல் மாணவர்கள் 'ரோக்' விளையாட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதில் கிடைக்கும் பொருள்கள் தங்கள் பொருளை மறைத்துக்கொண்டே வரும். மருந்துக் குப்பிகளுக்கு நிறம் மட்டுமே தெரியும். மோதிரங்களுக்குக் கல்லின் பெயர் மட்டுமே தெரியும். மந்திரச் சுருள்களின் தலைப்போ அர்த்தமற்ற அசைகளைக் கோத்து எழுதியதாக இருக்கும். நீலக் குப்பி இந்த ஆட்டத்தில் காயத்தை ஆற்றினால், அடுத்த ஆட்டத்தில் கண்ணைக் குருடாக்கலாம். குறிக்கும் குறிக்கப்படும் பொருளுக்கும் இடையிலான தொடர்பு இடுகுறித்தன்மை உடையது என்று சொசூர் வகுப்பறையில் சொன்னதை, இந்த ஆட்டக்காரர்கள் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். இங்கே கொள்ளைப் பொருள் வெறும் செல்வமாக இல்லை. துணிந்து படித்தறிய வேண்டிய ஒரு குறியாக இருந்தது.

'ரோக்' வழியில் மேலும் இரண்டு முக்கியமான ஆட்டங்கள் வந்தன. 1980களின் தொடக்கத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கோனிக் 'மோரியா'வை எழுதினார். 1990இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் 'அங்பாண்ட்' பிறந்தது. இரண்டின் பெயர்களும் டோல்கினின் உலகிலிருந்து எடுக்கப்பட்டவை. மேலே கடைகள் நிறைந்த ஓர் ஊர், கீழே அடுக்கடுக்காக இறங்கும் நிலவறை என்ற அமைப்பை 'மோரியா' நிலைநாட்டியது. அச்சத்தோடு இறங்குவதும், சுமக்க முடியாத பொருளோடு மேலேறுவதும், விற்று வாங்கி மீண்டும் இறங்குவதும் ஒரு மூச்சோட்டம் போல அமைந்தன. மாணவப் பருவத்தில் இவ்விரு விளையாட்டுகளிலும் மூழ்கிக் கிடந்தவர்தான் பிரெவிக். 'டயாப்லோ'வின் டிரிஸ்ட்ரம் ஊரும் அதன் தேவாலயத்துக்கு அடியில் இறங்கும் 16 தளங்களும் அங்கிருந்தே வந்தன.

1996ஆம் ஆண்டின் இறுதியில் 'டயாப்லோ' வெளிவந்தபோது மரபிலிருந்து மாறிய இடம் வேகம்தான். அச்சமும் பேராசையும் இப்போது யோசிக்க நேரம் தராமல் வந்தன. விளையாட்டின் சிறு செயல் அலகு ஏறத்தாழ ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்: சொடுக்கு, அடி, வீழ்ச்சி, தரையில் பொருள் விழும் ஓசை. நான்கும் ஒன்றையொன்று தொடரும்போது கை செய்த செயலுக்கு உலகம் உடனே பதில் சொல்கிறது என்ற உணர்வு உண்டாகிறது. அன்றாட வாழ்வில் உழைப்புக்கும் விளைவுக்கும் இடையே மாதங்களும் ஆண்டுகளும் கிடக்கின்றன. இங்கே அந்த இடைவெளி கண்ணிமைக்கும் நேரமாகச் சுருங்கிவிடுகிறது. முதல் தளத்தில் பல அடிகள் வாங்கிய எதிரி சில மணி நேரத்துக்குப் பின் ஒரே அடியில் வீழும்போது, ஆட்டக்காரர் தம் வளர்ச்சியைத் தம் கையாலேயே அளந்து பார்க்கிறார். ஊருக்குத் திரும்பினால் மேட் யூல்மனின் 12 தந்திக் கிதார் இசை காத்திருக்கிறது. நிலவறையின் பதற்றம் அங்கே தணிகிறது. தணிந்தால்தான் மறுபடி இறங்க மனம் வரும்.

இவ்வளவும் வெட்டுதலின் இன்பம். ஆனால் வெட்டுதல் மட்டும் ஓர் ஆட்டக்காரரை ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்திராது. 'டயாப்லோ'வின் நீடித்த ஆற்றல் அதன் பொருள்களின் இலக்கணத்தில் இருக்கிறது.

ஒரு மந்திரப் பொருளின் பெயர் மூன்று உறுப்புகளால் ஆனது: முன்னொட்டு, அடிப்பொருள், பின்னொட்டு. 'கிங்ஸ் ஸ்வோர்ட் ஆஃப் ஹேஸ்ட்' என்ற புகழ்பெற்ற வாளை எடுத்துக்கொள்வோம். நடுவில் வாள் என்ற அடிப்பொருள். 'கிங்ஸ்' என்ற முன்னொட்டு தாக்கும் வலிமையையும் குறிதவறாமையையும் கூட்டுகிறது. 'ஆஃப் ஹேஸ்ட்' என்ற பின்னொட்டு வீச்சின் வேகத்தைக் கூட்டுகிறது. ஒவ்வோர் ஒட்டும் ஒரு பண்பின் பெயர். 80 முன்னொட்டு, 50 அடிப்பொருள், 80 பின்னொட்டு என்று வைத்துக்கொண்டாலே 3,20,000 பெயர்கள் பிறந்துவிடும். எண்ணிவிடக்கூடிய உறுப்புகளிலிருந்து எண்ணி மாளாத தொடர்களைப் பிறப்பிக்கும் ஆற்றல் மொழிக்கு உரியது என்று மொழியியல் சொல்கிறது. ஒரு சில நிரலர்கள் அதே வழியில் ஓர் ஆயுதக் கிடங்கைப் படைத்தார்கள்.

அந்தப் பெயர் ஒரே நேரத்தில் வெளிப்படுவதுமில்லை. கீழே விழும் பொருள் முதலில் நீல எழுத்தில் 'வாள்' என்று மட்டுமே காட்டும். ஊருக்குச் சென்று முதியவர் கெய்னிடம் கொடுத்தாலோ, அறியும் சுருளைப் பயன்படுத்தினாலோதான் ஒட்டுகள் தெரியவரும். கிடைத்தது கண்டபின்னும் கிடைத்தது என்ன என்பது தெரியாமல் இருக்கும் அந்த இடைவேளையே ஆட்டத்தின் இனிமையான பகுதி. தெரிந்தபின் அதன் மதிப்பு தனித்து நிற்பதும் இல்லை; வீரன் கையில் ஏற்கெனவே இருக்கும் வாளோடும், அவன் கற்ற கலையோடும், அடுத்து அவன் சந்திக்கவிருக்கும் எதிரியோடும் ஒப்பிட்டே அது மதிப்புப் பெறுகிறது. ஒருவருக்குக் குப்பையான ஒட்டு மற்றொருவருக்குப் புதையல். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு நொடியில் பெயரைப் படித்து, எடுப்பதா விடுவதா என்று முடிவெடுக்கிறார். அது வாசிப்பில் தேர்ச்சி பெற்ற ஒருவரின் திறன்.

உளவியலாளர் விளக்கத்தை இங்கே வைத்து எடைபோடலாம். சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பி. எஃப். ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட நூல் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளைத் தொகுத்துத் தந்தது. எத்தனை கொத்தலுக்குப் பின் தானியம் விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தால் புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரமும் அப்படியே, வெட்டுக்குத்து விளையாட்டும் அப்படியே என்பது இன்று பரவலான விளக்கம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒருவர் ஏன் நிறுத்தாமல் ஆடுகிறார் என்பதை மட்டுமே இது சொல்கிறது; ஏன் மகிழ்கிறார் என்பதைச் சொல்லவில்லை. நிறுத்த முடியாமையும் மகிழ்ச்சியும் வேறு வேறு. அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே நடந்தது.

2000ஆம் ஆண்டு வெளியான 'டயாப்லோ 2' உலகெங்கும் பெரும் வெற்றி பெற்றது. அதில் தங்கக் காசு எளிதில் குவிந்ததால் மதிப்பிழந்தது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பண்டமாற்றுச் செய்துகொண்டனர். பையில் ஒரே ஒரு கட்டத்தை அடைக்கும் 'ஸ்டோன் ஆஃப் ஜோர்டன்' என்ற மோதிரம் நாணயமாகவே ஆயிற்று. எந்த அரசும் அச்சிடாத ஒரு பணம், பயன்பாட்டிலிருந்து தானே பிறந்தது. கூடவே மோசடியும் வந்தது: நகலெடுத்த மோதிரங்கள், ஏமாற்று வணிகம், உண்மைப் பணத்துக்குப் பொருள் விற்கும் வெளித்தளங்கள். இவற்றை ஒழுங்குபடுத்தும் நோக்கோடு 2012 மே 15 அன்று வெளியான 'டயாப்லோ 3' விளையாட்டுக்குள்ளேயே ஏலக்கடையைத் திறந்தது. ஒரு பிரிவில் ஆட்டத் தங்கம். ஜூன் மாதம் திறந்த மற்றொரு பிரிவில் உண்மைப் பணம். முதல் 24 மணி நேரத்திலேயே 35 இலட்சத்துக்கு மேல் விற்ற விளையாட்டு அது.

ஏலக்கடையில் நேர்மை இருந்தது, பாதுகாப்பு இருந்தது, வசதியும் இருந்தது. இன்பம் மட்டும் வடிந்துபோயிற்று. எந்தப் பொருள் வேண்டுமானாலும் பட்டியலில் தேடி வாங்கலாம் என்றானபின், அரக்கனை வெட்டுவது அந்த விலையைச் சேர்க்கும் கூலிவேலையாக மாறியது. இன்ஃபெர்னோ என்ற கடுமையான நிலையில், தரையில் கிடைப்பதைவிடக் கடையில் கிடைப்பது எப்போதும் மேலாக இருந்தது. கீழே விழுந்த வாளைப் பார்த்தவர் மனத்தில் 'இது எனக்கு என்ன செய்யும்' என்ற கேள்வி மறைந்து, 'இது என்ன விலைக்குப் போகும்' என்ற கேள்வி வந்தது. வாசிப்பு கணக்குப்பார்ப்பாயிற்று. விளையாட்டின் இயக்குநராக இருந்த ஜே வில்சனே 2013இல் ஏலக்கடைகள் ஆட்டத்தைப் பாதித்தன என்று ஒப்புக்கொண்டார். 2014 மார்ச் 18 அன்று இரு கடைகளும் மூடப்பட்டன. அதற்குச் சற்று முன்பே பொருள் விழும் முறையும் மாற்றப்பட்டிருந்தது: குறைவான பொருள்கள், ஆனால் ஆடுபவரின் பாத்திரத்துக்குப் பொருந்துபவை.

இந்நிகழ்வை ஒரு சோதனையாகக் கொண்டால் அதன் முடிவு தெளிவானது. ஏலக்கடை இருந்த 22 மாதங்களிலும் அரக்கர்கள் வெட்டுண்டார்கள். பொருள்கள் கணிக்க முடியாத முறையிலேயே விழுந்தன. வன்முறையும் இருந்தது, புறாவின் தானியமும் இருந்தது. அறுந்தது ஒன்றே: செய்கைக்கும் பேறுக்கும் இடையிலான தொடர்பு. 'இந்தக் குகையில், இந்த எதிரியை வீழ்த்தியபோது, எனக்கு இது கிடைத்தது' என்று சொல்ல முடியும்வரைதான் கொள்ளைப் பொருள் ஒரு கதையைச் சுமக்கிறது. அந்தக் கதை இல்லாத வாள் வெறும் எண்களின் தொகுப்பு. வெட்டுக்குத்து விளையாட்டில் கதையே இல்லை என்று 1980இல் ஏளனம் செய்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை. நிலவறையில் கிடைத்த ஒவ்வொரு பொருளும் ஒரு சிறு கதையாக இருந்தது. எழுத்தாளர் எழுதாத, ஆட்டக்காரர் வாழ்ந்த கதை.

நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013இல் வெளியிட்ட 'பாத் ஆஃப் எக்சைல்' இந்தப் பாடத்தை வேறொரு திசையில் எடுத்துச் சென்றது. வெளியானபோது அதில் தங்கக் காசே இல்லை; நாணயமாக விளங்கிய உருண்டைகள் ஒவ்வொன்றும் பொருளின் ஒட்டுகளை மாற்றும் கருவிகள். ஒன்று இருக்கும் ஒட்டுகளைக் கலைத்துப் புதியன தரும். மற்றொன்று வெற்றுப் பொருளுக்கு ஒட்டு சேர்க்கும். அரிய பொருள் ஒன்றில் மூன்று முன்னொட்டும் மூன்று பின்னொட்டும்வரை அமையலாம். அதுவரை பொருளை வாசித்துவந்த ஆட்டக்காரர் இப்போது அதை எழுதவும் தொடங்கினார். ஏலக்கடையை ஏன் வைக்கவில்லை என்பதை 2017இல் நிறுவனம் வெளிப்படையாக விளக்கியது: வணிகம் மிக எளிதானால் தானே கண்டெடுப்பதன் மதிப்பு குறையும். பின்னாளில் இக்கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தாலும், தடையற்ற வசதி இன்பத்தின் பகையாகலாம் என்பதை ஒரு நிறுவனம் அறிந்தே செயல்பட்டது குறிப்பிடத்தக்கது.

இக்கேள்வி விளையாட்டறைக்குள் முடிந்துவிடுவதில்லை. காசு கொடுத்துத் திறக்கும் மூடிய பெட்டிகள் பிற்காலத்தில் பல விளையாட்டுகளில் பெருகின. சில விளையாட்டுகளின் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜிய ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் முடிவு செய்தது. 2022இல் வெளியான 'டயாப்லோ இம்மார்ட்டல்' பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வெளியிடப்படவில்லை. இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பணம் பந்தயமாகிறதா என்று சட்டம் கேட்கிறது. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு அப்பால் இன்னொரு கேள்வியும் ஆய்வாளர்கள் முன் இருக்கிறது: இந்த விளையாட்டில் ஒருவர் பெறுவது அவர் செய்ததிலிருந்து வருகிறதா, அவர் செலுத்தியதிலிருந்து வருகிறதா? புறாவின் கொத்தலாக மட்டும் பார்த்தால் இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆட்டக்காரரின் அனுபவத்தில் இவை இரு வேறு உலகங்கள். ஒன்றில் எதிர்பாராத பரிசு உழைப்பின் மேல் விழும் மழை. மற்றொன்றில் அதே மழையைக் குடத்துக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள்.

ஏலக்கடை மூடப்பட்ட ஒரு வாரத்தில், 2014 மார்ச் 25 அன்று, 'டயாப்லோ 3'இன் விரிவாக்கம் வெளிவந்தது. ஆட்டக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது முன்பு கடையில் வாங்கியதைப் போன்ற வாள்தான். இம்முறை அது எங்கே, எப்போது, எந்த எதிரியிடமிருந்து கிடைத்தது என்பதை அவர்களால் சொல்ல முடிந்தது.